பிட் ஆழம்: ஒலிக்கும் ஒரு மீச்சிற்றளவு உண்டு



ஆண்டு மலர் கைக்கு வந்ததும் முதலில் நம் போட்டோ வந்திருக்கிறதா என்று தேடுவோம். பிறகு கவிதை, சிரிப்புத் துணுக்கு. நடுவில் ஒரு பாடக் கட்டுரையைப் பார்த்தால் "இங்கேயும் பாடமா?" என்று பக்கத்தைப் புரட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இது பரீட்சைக்காக எழுதியது அல்ல.

இன்று நம் எல்லோர் கையிலும் ஒலிப்பதிவு செய்யும் கருவி இருக்கிறது. அதன் அமைப்புப் பக்கத்துக்குள் போனால் இரண்டு எண்கள் தெரியும். ஒன்று 44,100 அல்லது 48,000 ஹெர்ட்ஸ். இது மாதிரி எடுக்கும் வேகம். இதைப் பற்றி வகுப்பில் நைக்விஸ்ட் விதியோடு சேர்த்துப் படித்துவிடுகிறோம். மற்றொன்று 8 பிட், 16 பிட், 24 பிட் என்று வரும். இதுதான் பிட் ஆழம். "பிட் அதிகமானால் சத்தம் அதிகமாகும்" என்று ஒருவர் சொல்வார். "பிட் அதிகமானால் தரம் அதிகம், அவ்வளவுதான்" என்று இன்னொருவர் முடித்துவிடுவார். முதலாவது தவறு. இரண்டாவது அரைகுறை. சரியான விடை என்ன என்பதை நம் பாடத்தின் துணையோடும், நம் ஊர்ச் சத்தங்களின் துணையோடும் பார்ப்போம்.

ஒர்க்‌ஷாப்பில் இருந்து தொடங்குவோம்

முதலாம் ஆண்டு ஒர்க்‌ஷாப்பை நினைத்துப் பாருங்கள். ஒரு இரும்புத் துண்டை ஸ்டீல் ஸ்கேலால் அளந்தால் மில்லிமீட்டர் வரை சொல்லலாம். வெர்னியர் காலிப்பரில் 0.02 மி.மீ. வரை சொல்லலாம். மைக்ரோமீட்டரில் 0.01 மி.மீ. வரை. இதைத்தான் மீச்சிற்றளவு என்று படித்தோம். இரும்புத் துண்டு மாறவில்லை. அளக்கும் கருவியின் நுட்பம்தான் மாறியது. மீச்சிற்றளவுக்குக் கீழே இருக்கும் வித்தியாசம் கருவிக்குத் தெரியாது. அது அங்கே இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஒலியிலும் அப்படியே. மைக் காற்றின் அசைவை மின்னழுத்தமாக மாற்றுகிறது. ஏ.டி.சி. என்று நாம் சொல்லும் மாற்றி, அந்த மின்னழுத்தத்தை ஒரு விநாடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக எழுதுகிறது. எத்தனை முறை அளக்கிறோம் என்பது மாதிரி வேகம். ஒவ்வொரு முறையும் எவ்வளவு நுட்பமாக அளக்கிறோம் என்பது பிட் ஆழம். அதாவது பிட் ஆழம் என்பது ஒலியின் மீச்சிற்றளவு. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் கணக்குதான்.

கணக்கு

ஒரு பிட் என்றால் 0 அல்லது 1, இரண்டே படிகள். ஒவ்வொரு பிட் சேரும்போதும் படிகள் இரட்டிப்பாகும். 8 பிட்டில் 256 படிகள். 16 பிட்டில் 65,536 படிகள். 24 பிட்டில் 1,67,77,216 படிகள்.

மாற்றி ஏற்கும் மின்னழுத்தம் –1 வோல்ட்டில் இருந்து +1 வோல்ட் வரை, மொத்தம் 2 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு படியின் உயரம்:

8 பிட்: சுமார் 7.8 மில்லிவோல்ட்
16 பிட்: சுமார் 30.5 மைக்ரோவோல்ட்
24 பிட்: சுமார் 0.12 மைக்ரோவோல்ட்

உண்மையான மின்னழுத்தம் இரண்டு படிகளுக்கு நடுவில் விழுந்தால், அருகில் இருக்கும் படிக்கு அதைத் தள்ளிவிடுகிறோம். இப்படித் தள்ளுவதால் வரும் பிழை அதிகபட்சம் அரைப் படி. இந்தப் பிழை ஒவ்வொரு மாதிரியிலும் வேறுவேறாக வருவதால், ஒலியோடு சேர்ந்து ஓர் இரைச்சலாகக் காதில் விழுகிறது. முழு அளவுள்ள சைன் அலைக்கும் இந்த இரைச்சலுக்கும் உள்ள விகிதத்துக்கு நாம் படித்த சூத்திரம் இது:

விகிதம் (டெசிபெல்) = 6.02 × பிட் எண்ணிக்கை + 1.76

6.02 எங்கிருந்து வந்தது? ஒரு பிட் கூடினால் படி உயரம் பாதியாகிறது. 2-இன் லாக் 0.301. அதை 20-ஆல் பெருக்கினால் 6.02. எனவே ஒவ்வொரு பிட்டும் இரைச்சலை 6 டெசிபெல் கீழே இறக்குகிறது. 8 பிட்டில் சுமார் 50 டெசிபெல், 16 பிட்டில் 98, 24 பிட்டில் 146 கிடைக்கும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை தெரிகிறது. பிட் கூடுவதால் உரத்த சத்தம் மேலும் உரக்காது. உச்சி அதே இடத்தில்தான் நிற்கிறது. தரைதான் கீழே இறங்குகிறது. மெல்லிய சத்தங்களுக்கு இடம் கிடைக்கிறது.

இன்னொரு தப்பெண்ணத்தையும் இங்கேயே களைந்துவிடுவோம். புத்தகத்தில் மாதிரி எடுத்த அலையை மாடிப்படி மாதிரி வரைந்திருப்பார்கள். அதைப் பார்த்து "16 பிட்டில் பெரிய மாடிப்படி, 24 பிட்டில் சின்ன மாடிப்படி, அதனால 24 பிட் வழவழன்னு கேக்கும்" என்று நினைக்கிறோம். ஸ்பீக்கருக்குப் போகும் முன் வடிகட்டி அந்தப் படிகளை நீக்கிவிடுகிறது. வெளியே வருவது படிகள் இல்லாத அலைதான். அதோடு கூட வரும் இரைச்சல் எவ்வளவு என்பதில் மட்டுமே வித்தியாசம்.

ரமண நகர் மொட்டை மாடியில்

கணக்கை ஊரில் வைத்துப் பார்ப்போம். நான் குடியிருப்பது ரமணாசிரமம் பகுதியில். செங்கம் சாலையில் பஸ்ஸும் ஆட்டோவும் ஹாரன் அடித்துக்கொண்டே போகும். ஆசிரமத்து மயில்கள் மதில் மேலும் மரத்தின் மேலும் நின்று அகவும். மாலையில் ஆசிரமத்தில் வேத பாராயணம் நடக்கும். காற்று சாதகமாக இருந்தால் அது எங்கள் மொட்டை மாடிக்கு மெல்லியதாக மிதந்து வரும். ஒரே இடத்தில் உட்கார்ந்து மிக உரத்த சத்தத்தையும் மிக மெல்லிய சத்தத்தையும் கேட்க இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடைக்காது.

மாடியில் மைக்கை வைத்துப் பதிவு செய்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹாரன் சத்தம் உடையாமல் இருக்க, அது சரியாக உச்சியைத் தொடும்படி அளவை வைக்கிறோம். பாராயணம் அதைவிட 50 டெசிபெல் கீழே இருக்கிறது என்போம். 50 டெசிபெல் என்றால் அலையின் வீச்சு 316 மடங்கு சிறியது.

16 பிட்டில் உச்சி 32,768-ஆவது படி. அதை 316-ஆல் வகுத்தால் சுமார் 104. அதாவது பாராயணத்தின் அலை மேலே 104 படி, கீழே 104 படி ஏறி இறங்குகிறது. கேட்கக்கூடிய பதிவு.

24 பிட்டில் உச்சி 83,88,608. வகுத்தால் சுமார் 26,500 படிகள். தாராளம்.

8 பிட்டில் உச்சி 128. வகுத்தால் 0.4 படி. அரைப் படியைக்கூட எட்டவில்லை! தெருவின் மற்ற இரைச்சல் எதுவும் கலக்காவிட்டால், மாற்றி எழுதுவது 0, 0, 0, 0 மட்டுமே. பாராயணம் மெதுவாகப் பதிவாகவில்லை என்பதல்ல, பதிவாகவே இல்லை. பிறகு எந்தப் பெருக்கியில் போட்டாலும் பூஜ்யத்தைப் பெருக்கினால் பூஜ்யம்தானே?

ஒரு கூத்துக் கலைஞரின் குரல்

இது வெறும் கணக்கு அல்ல என்பதை இந்த ஆண்டு நான் நேரில் பார்த்தேன். எங்கள் தெருவில் இருக்கும் வகுப்புத் தோழன் ஒருவன் ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்தான். அவனுடைய தாத்தா தெருக்கூத்தில் வேஷம் கட்டியவர். நம் மாவட்டத்தில் தெருக்கூத்தின் மதிப்பு உங்களுக்கே தெரியும். பாரதக் கூத்து நடக்காத கிராமம் இங்கே குறைவு. தாத்தா இப்போது இல்லை. அவர் பாடியதில் மிஞ்சியது ஒரே ஒரு கோப்பு. 2000-ஆம் ஆண்டு வாக்கில் உறவினர் ஒருவர் கம்ப்யூட்டரில் பதிவு செய்தது. பிளாப்பியில் இருந்து சி.டி.க்கும், சி.டி.யில் இருந்து பென் டிரைவுக்கும் வந்திருக்கிறது.

கோப்பின் விவரத்தைத் திறந்து பார்த்தோம். 11,025 ஹெர்ட்ஸ், 8 பிட், ஒரு சேனல். அந்தக் காலத்தில் அப்படிச் செய்ததில் காரணம் இருந்தது. 1.44 எம்.பி. பிளாப்பியில் சி.டி. தரத்தில் பதிவு செய்தால் சுமார் 8 விநாடிதான் அடங்கும். 11,025 ஹெர்ட்ஸ், 8 பிட்டில் சுமார் 2 நிமிடம் 13 விநாடி அடங்கும். ஒரு பாட்டைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த வழி அது. அவர் பதிவு செய்திருக்காவிட்டால் இதுவும் இருந்திருக்காது.

கேட்டோம். முகவீணையும் மத்தளமும் கணீரென்று இருக்கின்றன. அவை அடங்கியதும் தாத்தா தாழ்ந்த குரலில் புலம்பல் எடுக்கிறார். அங்கேதான் குரல் மணலில் இழுத்த மாதிரி கரகரக்கிறது. வரியின் முடிவில் குரல் தேய்ந்து இறங்கும்போது கரகரப்பு இன்னும் கூடுகிறது, பிறகு சட்டென்று ஒன்றும் இல்லை. அவர் பாட்டை நிறுத்தவில்லை. அலை ஒரு படியின் உயரத்துக்குக் கீழே போய்விட்டது, அவ்வளவுதான்.

"டேய், இதை 24 பிட்டுக்கு மாத்தினா சரியாயிடுமாடா?" என்று கேட்டான் தோழன்.

என்ன பதில் சொல்வது? மாற்றலாம், கோப்பு பெரிதாகும். ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் பதினாறு பூஜ்யங்கள் சேரும். ஆழாக்கில் அளந்து கொட்டிய அரிசியை மறுபடி பெரிய படியில் போட்டால் அரிசி கூடுமா? அளக்கும்போது விட்டது விட்டதுதான். மீதிக் கரகரப்பை மென்பொருளால் கொஞ்சம் மழுக்கலாம். போன சுரத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

பிறகு, "அப்ப பாட்டி இருக்கிறப்பவே எடுத்துடணும்" என்றான். அவன் பாட்டிக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. அதே புலம்பலும், நாற்று நடவுப் பாட்டும், தாலாட்டும் அவருக்கு மனப்பாடம். அந்த வேலையை நாங்கள் எப்படிச் செய்தோம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் இரண்டு பாடங்கள் பாக்கி.

இரைச்சலைச் சேர்த்துத் தெளிவைப் பெறுவது

தாத்தாவின் குரல் ஏன் வெறும் இரைச்சலாக இல்லாமல் கரகரப்பாக மாறியது? அலை பல படிகளைத் தாண்டும்போது தள்ளும் பிழை தாறுமாறாக இருக்கும். அது "உஸ்" என்ற சத்தமாகக் கேட்கும், காது பொறுத்துக்கொள்ளும். அலை ஒன்றிரண்டு படிக்குள் சுருங்கும்போது பிழையும் அலையோடு சேர்ந்தே ஆடுகிறது. சைன் அலை ஏறக்குறைய சதுர அலை ஆகிவிடுகிறது. அப்போது அது இரைச்சல் அல்ல, உருக்குலைவு.

இதற்கு மருந்து விசித்திரமானது. எண்ணாக மாற்றும் முன் வேண்டுமென்றே கொஞ்சம் இரைச்சலைச் சேர்க்க வேண்டும்! இதற்கு டிதர் என்று பெயர். மேலே பார்த்த 0.4 படியை எடுத்துக்கொள்ளுங்கள். டிதர் இல்லாவிட்டால் எப்போதும் 0. இப்போது ஒவ்வொரு மாதிரிக்கும் –0.5 முதல் +0.5 வரை ஏதாவது ஓர் எண்ணைக் குலுக்கல் முறையில் கூட்டுங்கள். கூட்டிய எண் +0.1-ஐத் தாண்டும்போதெல்லாம் மொத்தம் அரையைத் தாண்டி 1 ஆகும். அது நூற்றுக்கு நாற்பது முறை நடக்கும். மீதி அறுபது முறை 0. சராசரி எவ்வளவு? 0.4! தொலைந்துபோன அளவு சராசரியாகத் திரும்பி வந்துவிட்டது. காதும் ஒருவகையில் சராசரி பார்க்கும் கருவிதான். எனவே இரைச்சலுக்கு அடியில் மெல்லிய குரல் கேட்கும். அரிசியைச் சல்லடையில் போட்டுச் சும்மா வைத்தால் நொய் இறங்காது, ஆட்டினால்தான் இறங்கும். அதே கதை.

1962-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் ராபர்ட்ஸ் இந்த யுக்தியைப் படங்களுக்குப் பயன்படுத்திக் கட்டுரை எழுதினார். ஒலிக்கு இது எப்படிப் பொருந்தும் என்பதைக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாண்டர்கூய், லிப்ஷிட்ஸ் இருவரும் 1984-இல் விளக்கினார்கள். சரியான டிதர் போட்டால் இரைச்சல் 5 டெசிபெல் அளவுக்குக் கூடும், 16 பிட்டில் 98 என்பது 93 ஆகும். ஆனால் உருக்குலைவு போய்விடும். லாபமான பேரம்.

நீங்களே செய்து பார்க்கலாம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் 1,000 ஹெர்ட்ஸ் டோனை 0.006 வீச்சில் உருவாக்குங்கள். அமைப்பில் டிதரை "இல்லை" என்று வைத்து 8 பிட் வேவ் கோப்பாகச் சேமியுங்கள். திரும்பத் திறந்து சத்தத்தைக் கூட்டிக் கேளுங்கள். சைன் அலையின் இனிமை போய், பஸ்ஸர் மாதிரி கேட்கும். 0.003 வீச்சில் செய்தால் ஒன்றுமே கேட்காது. பிறகு டிதரைப் போட்டு இரண்டையும் மறுபடி செய்யுங்கள். இரைச்சலுக்கு நடுவே டோன் சுத்தமாகக் கேட்கும். பத்து நிமிட வேலை, பத்துப் பக்கம் படித்த பலன்.

8-இல் இருந்து 24 வரை: சுருக்கமான வரலாறு

ஒலியை எண்ணாக்கும் பி.சி.எம். முறையை 1937-இல் பாரிஸில் வேலை பார்த்த அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்தார். அப்போது டிரான்சிஸ்டர்கூடக் கிடையாது. யோசனை முன்னால் வந்துவிட்டது, பாகங்கள் பின்னால் வந்தன.

முதலில் பயன் கண்டது டெலிபோன். விநாடிக்கு 8,000 மாதிரி, ஒவ்வொன்றுக்கும் 8 பிட், ஆக 64,000 பிட். "போன்லயும் 8 பிட்தானே, நல்லாத்தானே கேக்குது?" என்று கேட்பீர்கள். அங்கே ஒரு சூட்சுமம். டெலிபோனில் எல்லாப் படிகளும் ஒரே உயரம் இல்லை. ஏ-லா என்ற விதிப்படி, மெல்லிய சத்தத்துக்குச் சின்னப் படிகள், உரத்த சத்தத்துக்குப் பெரிய படிகள். அதனால் மெல்லிய பேச்சுக்கு 13 பிட் அளவு நுட்பம் 8 பிட்டிலேயே கிடைக்கிறது. நம் நாட்டு டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகளும் இந்த ஏ-லா முறையில்தான் வந்தன. வேவ் கோப்பின் 8 பிட்டில் படிகள் எல்லாம் ஒரே உயரம். இரண்டையும் ஒன்றாக நினைக்கக் கூடாது.

இசைக்கு வந்தால், 1972-இல் ஜப்பானின் டெனான் நிறுவனம் 13 பிட் கருவியில் பதிவு செய்யத் தொடங்கியது. சி.டி.யை வடிவமைத்தபோது பிலிப்ஸ் 14 பிட் போதும் என்றது, சோனி 16 பிட் வேண்டும் என்றது. 16 பிட் வென்றது. 1982 அக்டோபரில் ஜப்பானில் சி.டி. விற்பனைக்கு வந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், பிலிப்ஸின் முதல் சி.டி. பிளேயரில் இருந்த மாற்றி 14 பிட்தான். நான்கு மடங்கு வேகத்தில் இயக்கி, இரைச்சலைக் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணுக்குத் தள்ளி, அதிலேயே 16 பிட் தரத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். பொறியியல் என்பது இதுதான்!

கம்ப்யூட்டரில் 1989-இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் அட்டை 8 பிட். 1992-இல் 16 பிட் வந்தது. ஆனாலும் வன்தட்டில் இடம் பற்றாமல் பலர் 8 பிட்டிலேயே பதிவு செய்தார்கள். தோழனின் தாத்தா குரல் அந்த வரலாற்றில் சிக்கியதுதான்.

அப்படியானால் 24 பிட் எதற்கு?

கேட்பதற்கு 16 பிட் போதும். வீட்டில் அமைதியான அறையிலேயே 30 டெசிபெல் அளவுக்குப் பின்னணிச் சத்தம் இருக்கும். அதன் மேல் 93-ஐக் கூட்டினால் 123. காது வலிக்கும் எல்லையைத் தொட்டுவிட்டோம். அதற்கு மேல் கேட்டு என்ன செய்யப்போகிறோம்?

பதிவு செய்வது வேறு விஷயம். பாடுபவர் அடுத்த நிமிடம் எவ்வளவு உரக்கப் பாடுவார் என்று நமக்குத் தெரியாது. உச்சியைத் தாண்டினால் அலையின் தலை வெட்டுப்படும். அதைப் பிறகு சரிசெய்வது கடினம். எனவே மேலே 18 டெசிபெல் இடம் விட்டுவைக்கிறோம். 18 டெசிபெல் என்றால் 3 பிட். 16 பிட்டில் மீதி 13. 24 பிட்டில் மீதி 21. புரிகிறதா? 24 பிட் ஆடம்பரம் அல்ல. பயமில்லாமல் அளவைக் குறைத்து வைக்கக் கிடைக்கும் சலுகை. ஒலிக் காப்பகங்களுக்கான ஐயாசா அமைப்பின் வழிகாட்டியும் பழைய ஒலிகளைக் குறைந்தது 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட்டில் எண்ணாக்கச் சொல்கிறது.

ஆனால் 24 பிட் என்று எழுதியிருப்பதால் 24 பிட்டும் உண்மையான ஒலி என்று நம்பிவிடாதீர்கள். நல்ல மாற்றிகளே 120 டெசிபெல் சுமாருக்குத்தான் வரும். அது 20 பிட். காரணம் வெப்பம். 1928-இல் ஜான்சனும் நைக்விஸ்ட்டும் விளக்கியபடி எந்த மின்தடையிலும் எலக்ட்ரான்களின் வெப்ப அசைவால் இரைச்சல் பிறக்கும். மைக்கின் 150 ஓம் மின்தடையில் மட்டும், 20,000 ஹெர்ட்ஸ் பட்டையில், சுமார் 0.22 மைக்ரோவோல்ட். நாம் கணக்கிட்ட 24 பிட் படியோ 0.12 மைக்ரோவோல்ட். பெருக்கி அதைப் பெருக்கினால் இன்னும் கூடும். கடைசிச் சில பிட்டுகள் எண்ணுவது எலக்ட்ரான்களின் சலசலப்பைத்தான்.

அண்மைக் காலத்தில் 32 பிட் மிதவைப் புள்ளிப் பதிவும் வந்திருக்கிறது. 2019-இல் வந்த ஜூம் எஃப்6 போன்ற சிறு கருவிகளில் உண்டு. இதில் 1 பிட் குறி, 8 பிட் அடுக்கு, 23 பிட் எண். 6.02 × 10²³ என்று எழுதுகிறோமே, அதே முறை. மிகப் பெரிய எண்ணும் மிகச் சிறிய எண்ணும் அடங்கும். அளவை முன்கூட்டியே சரியாக வைக்க வேண்டிய கவலை குறையும். ஆனால் மைக்கே தாங்காத சத்தத்தை எந்தக் கோப்பு வடிவமும் காப்பாற்றாது.

எம்.பி.3-க்கு எத்தனை பிட்?

அடிக்கடி வரும் குழப்பம் இது. எம்.பி.3-இல் "320" என்று போட்டிருப்பது விநாடிக்கு 320 கிலோபிட், அதாவது பிட் வேகம். பிட் ஆழம் அல்ல. எம்.பி.3 ஒவ்வொரு மாதிரியையும் எழுதி வைப்பதில்லை. ஒலியை அதிர்வெண்களாகப் பிரித்து, காதுக்குத் தெரியாது என்று கருதுவதை விட்டுவிட்டு மீதியை எழுதுகிறது. எனவே அதற்கு நிலையான பிட் ஆழம் கிடையாது. எம்.பி.3-ஐ 24 பிட் வேவாக மாற்றி "மாஸ்டர் காப்பி" என்று யாராவது கொடுத்தால் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்ளுங்கள்.

நாங்கள் செய்த முறை

இப்போது பாட்டியின் பதிவுக்கு வருவோம். இடம் தோழனின் வீட்டு உள்ளறை. பௌர்ணமி நாளைத் தவிர்த்தோம். அன்று கிரிவலக் கூட்டம் இரவெல்லாம் வாசலில் நடக்கும். விடியற்காலையில் மயில் பாடும், நாம் பாட முடியாது. எனவே பகல் பதினொரு மணி. ஃபேனை நிறுத்தினோம், ஃபிரிட்ஜையும் ஒரு மணி நேரம் நிறுத்தினோம். ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டோம். மைக் ஒரு முழ தூரத்தில்.

48,000 ஹெர்ட்ஸ், 24 பிட் வைத்தோம். பாட்டியை உரக்க ஒரு வரி பாடச் சொல்லி, அது உச்சிக்கு 18 டெசிபெல் கீழே வரும்படி அளவை வைத்தோம். நல்லதாகப் போயிற்று. நடுவில் பேரனை அதட்டியது பாட்டை விட மூன்று மடங்கு உரக்க இருந்தது! மூன்று மடங்கு என்றால் 10 டெசிபெல் சுமார். 18-க்குள் அடங்கிவிட்டது.

தாலாட்டின் கடைசியில் பிள்ளை தூங்கிவிட்டதாக எண்ணி அவர் குரலை இறக்கிக்கொண்டே போய் வெறும் மூச்சில் முடித்தார். அந்த மூச்சும் பதிவில் இருக்கிறது. தாத்தாவின் புலம்பலையும் பாடினார். "அவரு இந்த எடத்துல இன்னும் கொஞ்சம் இழுப்பாரு" என்று பாட்டுக்கு நடுவில் அவரே சொல்லிக்கொண்டு, அந்த இடத்தை இழுத்தும் காட்டினார். 8 பிட் கோப்பில் தொலைந்த இடம் அதுதான். தாத்தாவின் குரல் திரும்பவில்லை. அவர் எப்படிப் பாடினார் என்பது திரும்பிவிட்டது.

இடம் எவ்வளவு பிடித்தது? இரண்டு சேனலுக்கு விநாடிக்கு 48,000 × 3 × 2 = 2,88,000 பைட். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1.04 ஜி.பி. 32 ஜி.பி. அட்டையில் முப்பது மணி நேரம் அடங்கும். இரவு முழுக்க நடக்கும் கூத்தைக்கூட எட்டு மணி நேரத்துக்கு 8.3 ஜி.பி.யில் எடுத்துவிடலாம். ஒன்று மட்டும் கவனம்: சாதாரண வேவ் கோப்பு 4 ஜி.பி.க்கு மேல் போகாது. இந்த அளவில் அது 4 மணி 8 நிமிடம். கருவி அதற்கு முன்பே தானாக அடுத்த கோப்பைத் தொடங்குகிறதா என்று முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.

நினைவில் வைக்க

1. பதிவு 24 பிட்டில். பகிர்வது 16 பிட்டில் அல்லது எம்.பி.3-இல். மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.
2. மேலே 12 முதல் 18 டெசிபெல் இடம் விடுங்கள்.
3. பிட்டைக் குறைக்கும்போது டிதர் போடுங்கள். அதுவும் கடைசியில் ஒரே ஒரு முறை.
4. குறைந்த பிட்டில் இருந்து கூடிய பிட்டுக்கு மாற்றித் தரம் கூட்ட முடியாது.
5. ஃபேனை நிறுத்துவது எட்டு பிட் கூட்டுவதைவிடப் பலன் தரும்!
6. இரண்டு பிரதி எடுத்து இரண்டு வீட்டில் வையுங்கள்.

வைவாவில் கேட்டால்

கேள்வி: 12 பிட் மாற்றியின் இரைச்சல் விகிதம்?
விடை: 6.02 × 12 + 1.76 = 74 டெசிபெல்.

கேள்வி: பிட் ஆழம் கூடினால் பதிவாகும் அதிர்வெண் கூடுமா?
விடை: கூடாது. அது மாதிரி வேகத்தைப் பொறுத்தது.

கேள்வி: சி.டி.யின் பிட் வேகம்?
விடை: 44,100 × 16 × 2 = விநாடிக்கு 14,11,200 பிட்.

தோழர்களே, நம்மில் பலர் செங்கம், போளூர், கலசபாக்கம், கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமங்களில் இருந்து பஸ் ஏறி வருகிறோம். எந்தக் கிராமத்திலும் ஒரு பாட்டியோ, ஒரு கூத்து வாத்தியாரோ, ஒரு பம்பைக்காரரோ கட்டாயம் இருப்பார்கள். இந்த விடுமுறையில் அவர்களைத் தேடிப் போங்கள். அனுமதி கேட்டு, பெயரும் ஊரும் தேதியும் சொல்லிப் பதிவைத் தொடங்குங்கள். 24 பிட் என்பதைத் தொட்டுவிட்டுத் தொடங்குங்கள். அதற்கு ஒரு விநாடிதான் ஆகும்.

 

— மூன்றாமாண்டு மாணவன்,
மின்னணு மற்றும் தொடர்பியல் பிரிவு